எஸ்எல்சி27ஏ4: குழந்தையின் தோலுக்கும் மீன் தலைக் கறிக்கும் சம்பந்தம் உண்டா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். அவருடைய தங்கைக்கு 31 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தையின் உடம்பு முழுக்க, தேங்காயை அரைத்து அப்பினாற்போல் தடித்த வெள்ளைப் பூச்சு. மூச்சுத் திணறி இரண்டு வாரம் என்ஐசியூவில், அதாவது பச்சைக் குழந்தைகளுக்கான தீவிரச் சிகிச்சைப் பிரிவில், வைத்திருந்தார்கள். இப்போது மூன்று மாதம், குழந்தை வீட்டில் இருக்கிறது. தோல்தான் வறண்டு சொரசொரவென்று இருக்கிறது. மரபணுச் சோதனையில் எஸ்எல்சி27ஏ4 என்று எழுதி வந்திருக்கிறது. இணையத்தில் தேடினால் 'கொழுப்பு அமிலத்தைக் கடத்தும் புரதம்' என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் தாய்ப்பாலின் கொழுப்பு குழந்தைக்குச் சேராதா என்று கேட்கிறார். இன்னொன்று: மருத்துவர் பேச்சுவாக்கில் 'மீன்செதில் தோல்' என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பாட்டி, ஆறாம் மாதத்தில் ஆசைப்பட்டு மீன் தலைக் கறி சாப்பிட்டதுதான் காரணம் என்று அந்தப் பெண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். தங்கை கட்டியிருப்பது சொந்தத் தாய்மாமனை. அடுத்த குழந்தைக்கும் வருமா என்பது கடைசிக் கேள்வி.

சகோதரி, முதலில் அந்த மீனை முடித்துவிடுவோம். மீன் தலைக் கறிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்த வகைத் தோல் நோய்களுக்கு இக்தியோசிஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் மீனுக்கு இக்துஸ் என்று சொல்வார்கள். உரிந்த தோல் செதில் போலத் தெரிகிறதே என்று யாரோ வைத்த பெயர் அது. உங்கள் தங்கையின் குழந்தைக்கு இந்த மரபணு எப்படி அமைய வேண்டும் என்பது கரு உண்டான அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஆறாம் மாதத்தில் அவள் எதைச் சாப்பிட்டிருந்தாலும், எதையுமே சாப்பிடாமல் இருந்திருந்தாலும், குழந்தை இப்படித்தான் பிறந்திருக்கும். இதை இன்றைக்கே, பாட்டி பக்கத்தில் இருக்கும்போதே, அவளிடம் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் மெதுவாகப் படிக்கலாம்.

நான் கோலாலம்பூரில் பல வருஷம் மருத்துவ மாணவர்களுக்கு உயிர்வேதியியல் சொல்லிக் கொடுத்தவன். இந்தப் புரதத்தின் பெயர் மாணவர்களையும் இப்படித்தான் குழப்பும். கொழுப்பைக் கடத்துகிறது என்று பெயரிலேயே இருந்தால், குடலில் ஏதோ கோளாறு என்றுதானே யாரும் நினைப்பார்கள்? விஞ்ஞானிகளே சில வருஷம் அப்படித்தான் நினைத்தார்கள். அதனால் அந்தக் கதையைச் சொல்லித்தான் பாலைப் பற்றிய கேள்விக்கு வர முடியும்.

1994-ல் அமெரிக்காவின் ஒயிட்ஹெட் ஆய்வு நிலையத்தில் ஜீன் ஷாஃபர், ஹார்வி லோடிஷ் இருவரும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ரத்தத்தில் வரும் நீண்ட கொழுப்பு அமிலம் செல்லுக்குள் எப்படி நுழைகிறது? எலியின் கொழுப்புச் செல்லில் வேலை செய்யும் மரபணுக்களை எடுத்து, வேறு செல்களுக்குள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும்படி செலுத்தினார்கள். பிறகு ஒளிரும் சாயம் கோத்த கொழுப்பு அமிலத்தை அந்தச் செல்களுக்குக் கொடுத்தார்கள். எந்தச் செல் அதிகமாக ஒளிர்கிறதோ அது அதிகக் கொழுப்பை உள்ளே இழுத்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப் பளிச்சென்று தெரிந்த செல்லிலிருந்து கிடைத்ததுதான் இந்தக் குடும்பத்தின் முதல் புரதம். கொழுப்பு அமிலக் கடத்துப் புரதம் என்று பெயர் வைத்தார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் எஃப்ஏடிபி.

அப்புறம் அதே சாயலில் மொத்தம் ஆறு புரதங்கள் மனிதரிடம் இருப்பது தெரிந்தது. தசையிலும் கொழுப்பிலும் ஒன்று, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இன்னொன்று, கல்லீரலில் மட்டும் பித்த அமிலத்தோடு வேலை செய்ய ஒன்று, இதயத்தில் ஒன்று என்று ஆளுக்கொரு இடம். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது நான்காவது. அதை உண்டாக்கும் எஸ்எல்சி27ஏ4 மரபணு 9ஆம் குரோமோசோமின் நீண்ட கையில், நுனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. புரதம் 643 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி.

இந்தப் புரதம் செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கொழுப்பு அமிலம் செல்லின் சவ்வுக்குள் நுழைவதும் வெளியேறுவதும் பெரிய கஷ்டம் இல்லை, சவ்வே கொழுப்பால் ஆனதுதானே. உள்ளே வந்ததைப் பிடித்து வைப்பதுதான் கஷ்டம். அதற்கு இந்தப் புரதம் ஏடிபி என்ற எரிபொருளைச் செலவழித்து, கொழுப்பு அமிலத்தின் தலையில் கோஎன்சைம் ஏ என்ற பெரிய மூலக்கூறைக் கட்டிவிடுகிறது. அதில் மூன்று பாஸ்பேட்டுகள் மின்னூட்டத்தோடு இருப்பதால் அது சவ்வைத் தாண்டித் திரும்பிப் போக முடியாது. ஆற்றோரத்தில் மூங்கிலில் பின்னி வைப்பார்களே பூபு, அதில் மீன் உள்ளே போகும், திரும்பி வராது. அது போலத்தான். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கோஎன்சைம் கட்டிய கொழுப்பு அமிலத்தைத்தான் செல் எரிக்கவோ, வேறு பொருளாகச் சேர்த்துக் கட்டவோ முடியும். கட்டாதது சும்மா கிடக்கும். நான்காவது புரதத்தைத் தேடிப் பார்த்தபோது, அது நிறைய இருப்பது செல்லின் வெளிச்சுவரில் இல்லை, உள்ளே இருக்கும் எண்டோபிளாஸ்மிக் வலைப்பின்னலில் என்று பல ஆய்வுகள் சொல்லின. அப்படிப் பார்த்தால், என் அபிப்பிராயத்தில், கடத்துகிறது என்பதைவிடத் தயார் செய்து கொடுக்கிறது என்று சொல்வதே பொருத்தம்.

1999-ல் லோடிஷின் குழுவினர் இந்த நான்காவது புரதத்தைச் சிறுகுடலில் கண்டார்கள். உணவு உறிஞ்சும் செல்களில், உணவைப் பார்த்திருக்கும் பக்கத்தில் அது திரளாக இருந்தது. குடலில் கொழுப்பு நுழையும் முக்கிய வாசல் இதுதான் என்று எழுதினார்கள். நியாயமான முடிவுதான். இதை மருந்தால் அடைத்தால் உடல் பருமனைக் குறைக்கலாமே என்ற பேச்சுகூட வந்தது. நீங்கள் இணையத்தில் படித்தது பெரும்பாலும் இந்தக் காலத்துச் சரக்காக இருக்கும்.

2003-ல் கதை திரும்பியது. செயின்ட் லூயிஸில் ஜெஃப்ரி மைனரின் ஆய்வகத்தில் ஒரு விசித்திரமான எலிக்குஞ்சு வகை இருந்தது. சாதாரணமாக எலிக்குஞ்சு பிறக்கும்போது தோல் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். இவற்றுக்குச் சுருக்கமே இல்லை. தோல் தடித்து, இறுக்கமாக, பளபளவென்று இருந்தது. உடம்பின் ஈரம் தோல் வழியாக வெளியேறியது, மார்பு விரியாமல் மூச்சு விட முடியவில்லை, பிறந்த கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போயின. காரணத்தைத் துருவிப் பார்த்தால், இடம் மாறித் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று போய் நான்காம் புரதத்தின் மரபணுவுக்குள் செருகிக்கொண்டிருந்தது. அந்த ஆய்வுக் கட்டுரையில் 1994-ல் முதல் புரதத்தைக் கண்ட ஜீன் ஷாஃபரின் பெயரும் இருக்கிறது. கொழுப்புச் செல்லில் தொடங்கிய தேடல் பத்து வருஷத்தில் தோலில் வந்து நின்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

சரி, பால் விஷயத்துக்கு வருகிறேன். அதே ஆய்வகம் அடுத்து ஒரு நேர்த்தியான சோதனை செய்தது. அந்த எலிகளுக்குத் தோலில் மட்டும் இந்தப் புரதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், குடலில் கொடுக்கவில்லை. எலிகள் பிழைத்து வளர்ந்தன. பிறகு 2009-ல், குடலில் இந்தப் புரதம் இல்லாத அந்த எலிகளுக்குக் கொழுப்பு நிறைந்த தீனி போட்டுப் பார்த்தார்கள். மற்ற எலிகளைப் போலவே அவையும் கொழுப்பை உறிஞ்சி எடை போட்டன. குடலுக்கு இது இல்லாமலும் வேலை நடக்கிறது. இதே மரபணு பழுதான மனிதக் குழந்தைகளுக்கும் நோய் தெரிவது தோலில்தான்.

ஆகவே தாய்ப்பாலைத் தாராளமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். தாய்ப்பாலில் கிடைக்கும் சக்தியில் கிட்டத்தட்டப் பாதி கொழுப்பிலிருந்து வருவது. மூளை வளர்வதே அதில்தான். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அதைக் குறைப்பது பெரிய தப்பு. கொழுப்பு இல்லாத பால்மாவு தேடி அலைய வேண்டாம். தங்கையும் தேங்காய்ப்பாலை, நெய்யை, மீனை நிறுத்தத் தேவையில்லை. பத்தியம் என்று அவளைப் பட்டினி போட்டால் பால்தான் குறையும். கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் எடை பார்த்துப் புத்தகத்தில் குறிப்பார்களே, அந்தக் கோடு ஏறிக்கொண்டிருந்தால் குடல் சரியாக இருக்கிறது என்று நம்பலாம். எடை ஏறவில்லை என்றால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும், மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தோலுக்கு மட்டும் ஏன் இந்தப் புரதம் இவ்வளவு முக்கியம்? நம் ஊர்ச் செம்பனை எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அதிகமாக இருக்கும் பால்மிட்டிக் அமிலத்துக்குப் பனையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அது 16 கார்பன் நீளம். தேங்காய் எண்ணெயில் அதிகம் இருப்பது 12 கார்பன். சாப்பாட்டுக் கொழுப்பு பெரும்பாலும் இந்த அளவுதான், 18-க்குள் அடங்கிவிடும். ஆனால் தோலின் மேலடுக்குக்கு வேண்டியது 30 கார்பனையும் தாண்டும் மிக நீண்ட கொழுப்பு அமிலங்கள். தோல் செல் அவற்றைத் தானே நீட்டித் தயாரித்து, செராமைடு என்ற பொருளோடு கோத்து, செல்களுக்கு இடையில் அடுக்கடுக்காகப் பூசி வைக்கிறது. உடம்பின் தண்ணீர் வெளியே போகாமல், வெளியே இருக்கும் அழுக்கும் கிருமியும் உள்ளே வராமல் காப்பது அந்தப் பூச்சுதான். அந்த நீண்ட அமிலத்துக்குக் கோஎன்சைம் கட்டிவிடுவது நான்காம் புரதத்தின் வேலை என்று 2020-ல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். கட்டுகிற ஆள் இல்லாவிட்டால் பூச்சு குறைகிறது, ஈரம் கசிகிறது. கசிவைச் சரிக்கட்டத் தோல் தன்னைத் தடிப்பாக்கிக் கொள்கிறது.

இந்த மரபணு பழுதானால் மனிதருக்கு வரும் நோயை இக்தியோசிஸ் குறைமாதப் பிறப்பு நோய்த்தொகுதி என்பார்கள். அதற்கும் இந்த மரபணுவுக்கும் உள்ள தொடர்பை 2009-ல் சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். நார்வே, சுவீடன் நாடுகளின் ஒரு பகுதியில் 50 பேரில் ஒருவர் இந்தப் பழுதான மரபணுவை, தனக்கு நோய் இல்லாமலே, தெரியாமல் சுமக்கிறார் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மற்ற இடங்களில் மிக அபூர்வம். இங்கே பிரசவ அறையில் இருந்தவர்கள் உடனே அடையாளம் காணாமல் போயிருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

குழந்தை ஏன் 31 வாரத்தில் பிறந்தது, ஏன் மூச்சுத் திணறியது என்பதும் இதே தோலின் கதைதான். தடித்த தோல் கர்ப்பப்பைக்குள்ளேயே உரிந்து பனிக்குட நீரில் கலக்கிறது. நீரும் அளவுக்கு மேல் சேர்ந்துவிடும், பிரசவ வலி சீக்கிரம் வந்துவிடும். ஸ்கேனில் நீர் தெளிவாக இல்லாமல் பொடி மிதப்பது போலத் தெரியும். அந்தப் பொடி குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்கிறது. பிறந்த உடனே வரும் அந்த மூச்சுத் திணறல்தான் இந்த நோயில் உயிருக்கு ஆபத்தான கட்டம். சகோதரி, அந்தக் கட்டத்தை உங்கள் குழந்தை தாண்டிவிட்டது. நீங்கள் பார்த்த அந்தத் தடித்த வெள்ளைப் பூச்சு சில வாரங்களில் உதிர்ந்துவிடும், பிறகு நிற்பது வறட்சியும், மயிர்க்கால்களில் புளகம் எழுந்தாற்போல் சொரசொரப்பும், அரிப்பும்தான். இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஓடி விளையாடுகிறார்கள், பெரியவர்களாகிறார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஒவ்வாமை, இளைப்பு இவர்களுக்கு வரும் வாய்ப்பு அதிகம். ரத்தச் சோதனையில் இயோசினோஃபில் என்ற வெள்ளணு கூடுதலாக இருக்கும். வேறு மருத்துவர் அதைப் பார்த்துப் பூச்சித் தொல்லை என்று மருந்து எழுதுவதற்கு முன் இந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.

இப்போது குளியல். இதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. நம் வீடுகளில் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியும். வெந்நீர் சூடாக இருக்கும், பயத்தம் மாவு போட்டு அழுத்தித் தேய்ப்பார்கள், குளித்து முடித்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவார்கள். இந்தக் குழந்தைக்கு மூன்றும் வேண்டாம். மாவு ஈரத்தை உறிஞ்சும், தேய்த்தால் பாதிப் பூச்சோடு இருக்கும் தோல் இன்னும் கிழியும். மேலே ஒட்டியிருக்கும் செதிலை விரலால் உரிக்கவே கூடாது. புகை, ஏற்கெனவே அடிபட்ட நுரையீரலுக்கு ஆகாது. வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே தோல் மருத்துவர் கொடுத்த களிம்பைத் தாராளமாகப் பூசுங்கள். வாசனை கலக்காத வாஸ்லின் போன்றது போதும் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ஒரு நாளில் பல தடவை பூச வேண்டியிருக்கும். கையளவு டப்பா ஒரு வாரம் வராது, பெரிய டப்பாவாகக் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களின் செதில் தோலுக்குக் கொடுக்கும் சாலிசிலிக் அமிலக் களிம்பு வீட்டில் இருந்தால் அதைக் குழந்தைக்குத் தொடவே கூடாது. இந்தத் தோல் வழியாக அது ரத்தத்தில் ஏறிவிடும். இரவு முழுக்க ஏர்கோனை நேராக முகத்தில் படும்படி வைக்காதீர்கள்.

கடைசியில் பெரிய கேள்வி. இந்த மரபணுவில் நமக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகள், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையை முடித்துவிடும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டும் பழுதானால்தான் நோய். உங்கள் ரிப்போர்ட்டில் ஹோமோசைகஸ் என்று எழுதியிருந்தால், இரண்டு பிரதியிலும் ஒரே பழுது என்று பொருள். சொந்தத்துக்குள் கட்டிய வீடுகளில் இது எப்படி நேர்கிறது என்று பாருங்கள். உங்கள் பாட்டி, தாத்தா இருவரில் ஒருவரிடம் பழுதான பிரதி ஒன்று இருந்திருக்கலாம். அது அவர்களுடைய மகனுக்கு, அதாவது உங்கள் மாமாவுக்குப் போக வாய்ப்பு பாதி. மகளுக்கு, அதாவது உங்கள் அம்மாவுக்குப் போக வாய்ப்பு பாதி, அம்மாவிடமிருந்து தங்கைக்குப் போக அதிலும் பாதி. மாமாவும் தங்கையும் இருவருமே அதைச் சுமந்து, குழந்தைக்கும் இருவருமே அதையே கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் பெருக்கினால் 32-ல் ஒன்று. அதாவது 32-ல் 31 பங்கு இந்த நோய் வராமலே போயிருக்கும். உங்கள் வீட்டில் அந்த ஒன்று விழுந்துவிட்டது.

நம் மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் நெருங்கிய உறவில் கல்யாணத்தைத் தடுத்தாலும், இந்துக்கள் வழக்கப்படி அக்காள் தங்கை மகளைத் தாய்மாமன் கட்டுவதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. அதனால் உங்கள் தங்கை தப்பான காரியம் எதுவும் செய்துவிடவில்லை. அதே சமயம் சொந்தத்துக்குள் கட்டினால் ஒரே பழுது இரண்டு பக்கமும் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாட்டியிடம் இந்தக் கணக்கைச் சொல்லும்போது பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் பக்கம் இருந்து வந்திருக்கலாம் என்பது தெரிந்தால் அந்த வயதில் அவர் நொறுங்கிப்போவார். இப்படி வெளியே தெரியாத பழுதுகள் சில எல்லோரிடமும் இருக்கின்றன, என்னிடமும் உங்களிடமும்தான். அதைச் சுமப்பது யாருடைய குற்றமும் ஆகாது.

அடுத்த குழந்தைக்கு: தங்கையும் மாமாவும் சுமப்பவர்கள் என்பது சோதனையில் உறுதியானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர வாய்ப்பு நாலில் ஒன்று. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்று பேருக்கும் வராது என்று சிலர் கணக்குப் போடுவார்கள், அது தப்பு. ஒவ்வொரு தடவையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. கர்ப்பமான பிறகு, 11 வாரம் வாக்கில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்தோ, 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரை எடுத்தோ சோதிக்கலாம். சோதனையே வேண்டாம் என்று முடிவு செய்தாலும் ஒன்றை விடாதீர்கள்: பச்சைக் குழந்தைகளுக்கான தீவிரச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனையில்தான் பிரசவம் நடக்க வேண்டும், இந்த நோயின் பெயரைச் சொல்லி, பிறந்த நிமிஷமே மூச்சுக்குழாயைக் கவனிக்க ஆள் தயாராக இருக்க வேண்டும்.

மரபணு ஆலோசனைக்குக் கோலாலம்பூர் வர முடிந்தால் அரசு மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் அதற்கான பிரிவுகள் உண்டு. முதலில் உங்கள் குழந்தை மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். போகும்போது ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துப் போகாமல் முழுவதையும் கொண்டுபோங்கள். அதில் மரபணுவின் பெயருக்குப் பக்கத்தில் எந்த எழுத்து எதுவாக மாறியது என்று ஒரு வரி இருக்கும். அதே வரியைத்தான் தங்கையின் ரத்தத்திலும் மாமாவின் ரத்தத்திலும் தேடுவார்கள். அந்த மாற்றத்தை 'நோய் உண்டாக்குவது' என்று எழுதியிருக்கிறார்களா, 'பொருள் உறுதியாகவில்லை' என்று எழுதியிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். இரண்டாவது என்றால், நான் மேலே சொன்ன நாலில் ஒன்று என்ற கணக்கை அதற்குள் வைத்துக்கொண்டு அடுத்த குழந்தையைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம், இருவரின் ரத்தச் சோதனை முடிவு வரட்டும்.